தை பதினைந்துக்கு முன்னால்

கொடைக்கானலுக்குப் போகிறவர்கள் வத்தலக்குண்டிலேயே சாப்பிட்டுவிட வேண்டும், சார். வெறும் வயிற்றோடு மலை ஏறினால் நாலாவது வளைவிலேயே குமட்டிக்கொண்டு வரும். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏறினாலும் அதே கதைதான். இரண்டு இட்லி, அரை டம்ளர் காப்பி, மோந்து பார்க்கக் கையில் ஓர் எலுமிச்சம்பழம். இது என் அண்ணன் கண்ணுச்சாமி சொன்னது. அந்த மலையில் இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவர் அவர். நாங்கள் போன அன்றும் அப்படித்தான் சாப்பிட்டோம். என் மனைவி ஒரு தடவைகூட வாந்தி எடுக்கவில்லை.

எழுதுகிற அம்மாவுக்குக் கை வலிக்காதபடி நிதானமாகவே சொல்கிறேன். என் பெயர் காசிமாயன். வயது நாற்பத்தொன்பது. அவனியாபுரத்தில் லேத் பட்டறையில் வேலை. மனைவி பாண்டிமீனா. ஒரே மகள் முத்துமீனா, ஆஸ்பத்திரியில் நர்ஸ். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். லேத்தில் நிற்கிறவனுக்கு ஆத்திரம் அவசரம் ஆகாது, சார். ஒரு நூல் கூடுதலாகச் சீவிவிட்டால் அந்த இரும்பை எடைக்குத்தான் போட வேண்டும். முப்பது வருஷமாக எதையும் அளந்து செய்தே பழகிவிட்டேன்.

முத்துமீனாவுக்குப் போன வருஷமே கல்யாணம் முடிந்திருக்க வேண்டும். திருமங்கலத்துப் பையன் சூர்யபிரகாஷ். தங்கமான பையன். ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்துவிட்டோம். வாழைமரம் கட்ட ஆள்கூடச் சொல்லியாகிவிட்டது. ஆறு நாள் இருக்கும்போது என் அம்மா இறந்துபோனாள். பெற்ற தாய் என்றால் எங்கள் பக்கம் ஒரு வருஷத்துக்கு வீட்டில் நல்ல காரியம் கிடையாது. மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் மாப்பிள்ளையின் தாயார் என் வாசலில் நின்று ஒன்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஒரு தடவ பொறுத்துக்கிட்டோம்ணே. இன்னொரு தடவ தடங்கல்னு வந்துச்சுன்னா எங்க சனம் பொண்ணு ராசியப் பேச ஆரம்பிச்சுரும். அப்புறம் நாங்க வேற எடம் பாத்தா நீங்க வருத்தப்படக் கூடாது."

அந்தப் பேச்சு எங்கள் தெருவில் ஏற்கனவே ஆரம்பித்திருந்தது. தண்ணீர்க் குழாயில் நிற்கும்போது யாரோ சொல்லி என் மனைவி அழுதுகொண்டு வந்தாள். மகளுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. புது முகூர்த்தம் தை பதினைந்து என்று குறித்தார்கள். அந்தத் தேதி தவறினால் என் மகள் வாழ்க்கை போச்சு. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள், சார்.

அண்ணனுக்கு மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சில் 'டேய்' ஒன்றுதான் மிச்சம். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னை லேத் பழகவிட்டது, எனக்குப் பெண் பார்த்தது, நடுரோட்டில் சரக்கு லாரியை நிறுத்திவிட்டு வந்து பாண்டிமீனாவைப் பிரசவத்துக்குத் தூக்கிக்கொண்டு போனது எல்லாம் அவர்தான். எதையும் நான் மறைக்கப்போவதில்லை. எங்கள் வீட்டு முன்னறையில் இரும்புக் கட்டில் போட்டுக் கிடத்தியிருந்தோம். இடது கையில் ஒரு செம்பு மோதிரம். அதைக் கட்டில் சட்டத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு என்றால் தண்ணீர். மூன்று என்றால் ஒன்றுக்கு. முத்துமீனாதான் அந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்தாள். மூன்று வருஷம் அந்த வீட்டில் டி.வி. சத்தத்தைவிட அந்தச் சத்தம்தான் அதிகம் கேட்டது.

விழுங்குவதற்கும் அவருக்குச் சிரமம். கெட்டியாக எதையும் கொடுக்கக் கூடாது, தண்ணீரையும் மடக் மடக்கென்று கொடுக்கக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சோற்றைக் குழையக் கரைத்து, தலையை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னக் கரண்டியில் ஊட்ட வேண்டும். தண்ணீரிலும் ஒரு பொடியைக் கலந்து கூழ் மாதிரி ஆக்கித்தான் கொடுப்போம். எங்கள் இரண்டு பேருக்கும் முத்துமீனா பழக்கிவிட்டிருந்தாள்.

கார்த்திகைக் கடைசியில் அவருக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, மார்கழி ஐந்தாம் தேதி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். "பத்து நாளும் ஆகலாம், ஒரு மாசமும் ஆகலாம், பாத்துக்கங்க" என்றார் டாக்டர். பாண்டிமீனா அழுதாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

பெரியப்பா முறைக்கு எங்களுக்குப் பதினாறு நாள்தான் தீட்டு. கருமாதி முடிந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டால் நல்ல காரியம் செய்யலாம். பத்து நாளில் போனால் மார்கழி பதினைந்து. தை பிறந்த கையோடு எல்லாம் முடிந்துவிடும். ஒரு மாதம் இழுத்தால் தை ஐந்து. தை ஐந்தில் போனால் தை பதினைந்து தீட்டுக்குள் விழுகிறது. அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, சார். அவர் எப்படியும் போகத்தான் போகிறார் என்று டாக்டரே சொல்லிவிட்டார். எந்தத் தேதியில் போனால் என் பிள்ளைக்கு நல்லது என்று பார்த்தேன். பெற்றவன் அதைப் பார்க்காமல் வேறு எதைப் பார்ப்பான்?

அவர் போகவில்லை. கண் செருகிக் கிடந்தார். சொந்தபந்தம் வந்து ஆளுக்கொரு சொட்டுப் பால் ஊற்றினார்கள். முத்துமீனா வேண்டாம் என்று கத்தினாள், யார் கேட்கிறார்கள். இருமினார், ஆனால் போகவில்லை. ஊரிலிருந்து மண் எடுத்துவந்து கரைத்து உதட்டில் தடவினோம். காசை உரசிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டு ஒச்சாயி எங்கள் தெருவில் இப்படி எத்தனையோ பேரை அனுப்பிவைத்திருக்கிற பொம்பளை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"எதையோ நெனச்சுக்கிட்டுக் கெடக்காருப்பா. அந்த ஆச தீரலன்னா இப்புடித்தான் உசுரு இழுத்துக்கிட்டே இருக்கும். என்னன்னு கேட்டுக் குடுத்துருங்க, நிம்மதியாப் போயிருவாரு."

முத்துமீனாதான் அவர் காதருகே குனிந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். யாரையாவது பார்க்க வேண்டுமா, கறிச்சாறு வேண்டுமா, அழகர்கோவில் தீர்த்தம் வேண்டுமா. தட்டவில்லை. "லாரியில ஏறணுமா பெரியப்பா?" ஒன்றுமில்லை. "கொடைக்கானலுக்குப் போகணுமா?" ஒரு தட்டு. "அங்க என்ன பெரியப்பா? ஏரியா? பேரிக்காயா?" இவள் அடுக்கிக்கொண்டே போனாள். ஸ்ட்ராபெர்ரி என்றதும் கட்டில் சட்டத்தில் படபடவென்று தட்டினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கடைசி ஏழெட்டு வருஷம் அவர் லாரியில் ஏற்றி இறக்கியது அதிகமும் அந்தப் பழத்தைத்தான். மதுரையில் இறக்கிப் பெட்டி பெட்டியாகக் கடைகளுக்குப் போகும். ஒரு பழத்தை அவர் வாயில் போட்டதில்லை. "ஏத்துன சரக்குல கை வெச்சுட்டா அப்புறம் நாம என்னடா டிரைவரு" என்பார். முத்துமீனா பள்ளிக்கூடம் போகிற பிள்ளையாக இருந்தபோது கேட்டு அழுதும் ஒன்று எடுத்துக் கொடுத்ததில்லை. முத்துமீனா அன்றைக்கே சிம்மக்கல்லில் ஒரு பெட்டி வாங்கி வந்தாள். மசித்து உதட்டருகே கொண்டுபோனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டியில் வந்தால் அது சரக்கு. அந்த மனுஷனுக்குச் செடியிலிருந்து பறித்த பழம் வேண்டும்.

மலைக்குக் கொண்டுபோவோம் என்று சொன்னது நான்தான். முத்துமீனா தயங்கினாள். "இந்தக் குளுருல அம்புட்டுத் தூரம் தாங்க மாட்டாருப்பா" என்றாள். போகிற வழியிலேயே போனாலும் ஆசைப்பட்ட இடத்துக்குப் போகும் வழிதானே என்றேன். அவள் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நல்லவன் என்று நினைத்திருப்பாள். அந்த வளைவுகளும் அந்தக் குளிரும் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் என்று நான் நினைத்ததை அவளிடம் சொல்லவில்லை. மார்கழி பதின்மூன்று, ஞாயிற்றுக்கிழமை. கணக்குக்குச் சரியான தேதி.

எங்கள் தெரு ஜமீல் பாயின் வேன். வயதுக் காலத்தில் அண்ணனோடு மாற்று டிரைவராக ஓடியவர். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு மெத்தை விரித்தார். பாண்டிமீனா புளியோதரை கட்டினாள். அண்ணனுக்கு ஃபிளாஸ்க்கில் கஞ்சி. பிளாஸ்டிக் பாட்டில் மேலே விடமாட்டார்கள் என்று எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர். இ-பாஸை முத்துமீனா போனிலேயே எடுத்துவிட்டாள். கிளம்பும்போது ஒச்சாயி வாசலில் நின்று அண்ணன் நெற்றியில் விபூதி பூசிவிட்டாள். தெருவே டூருக்கு வழியனுப்புகிற மாதிரிதான் இருந்தது.

காட்ரோட்டில் ஏற ஆரம்பித்ததும் நான் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். எந்த வளைவில் என்று. ஏழெட்டு வளைவு தாண்டியதும் அவருடைய இடது கை அசைந்தது. நான் தண்ணீருக்கு என்று நினைத்தேன். இல்லை. கியர் போடுகிறார். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறார், வளைவு வருவதற்கு முன்னாலேயே கை தாழ்கிறது. அவர் மாற்றி ஒரு நொடி கழித்து முன்னால் ஜமீல் மாற்றுகிறார். "அண்ணே, நீங்கதான் ஓட்டுறீங்க, நான் சும்மா உக்காந்திருக்கேன்" என்று ஜமீல் கண்ணாடியில் பார்த்துச் சத்தம்போட்டுச் சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். நான் கையிலிருந்த எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தேன். நாங்கள் சாப்பிட்டது சரியாகத்தான் இருந்தது, அதனால் இல்லை.

ஊரைத் தாண்டி மேலே ஒரு தோட்டம். மஞ்சு இறங்கி நாலு வரிசைக்கு மேல் தெரியவில்லை. நானும் ஜமீலும் அவரை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். முத்துமீனா குனிந்து பழம் பறித்தாள். காம்பைக் கிள்ளிப் போட்டாள், டம்ளரில் கரண்டியால் மசித்தாள், அவர் தலையை நிமிர்த்தி ஊட்டினாள். முதல் கரண்டியை வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். நாங்கள் நாலு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற மூன்று பேரும் எதைப் பார்த்தார்களோ தெரியாது, நான் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். ஆசை தீர்ந்த உயிர் இப்போது அடங்க வேண்டும்.

அவர் விழுங்கினார். வாய் கோணிக்கொண்டு சிரித்தார். "இன்னும்" என்றார்.

மூன்று வருஷத்தில் பேசிய முதல் புது வார்த்தை, சார். தெளிவாகச் சொன்னார். பாண்டிமீனா முந்தானையை வாயில் வைத்து அழுதாள். ஜமீல், "யா அல்லாஹ், அண்ணன் பேசிட்டாரு!" என்று வானத்தைப் பார்த்தார். மூன்று பழம் சாப்பிட்டார். அப்புறம் இடது கையைத் தூக்கி முத்துமீனாவின் கழுத்தைத் தொட்டார், தன் கழுத்தில் முடிச்சுப் போடுகிற மாதிரி காட்டினார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எங் கல்யாணத்துக்கு முன்வரிசையில உக்காரணும் பெரியப்பா. தை பதினஞ்சு. அதுவரைக்கும் இந்தப் பழத்தையே குடுத்து ஒப்பேத்திருவேன், பாருங்க."

ஒரு தட்டு. நாற்காலிக் கையில்.

அவள் அவர் வாயைத் துடைத்துவிட்டு நெற்றியில் முத்தம் கொடுத்தாள். எனக்கு அவள் அப்படிக் கொடுத்ததில்லை. பிள்ளையிலிருந்தே கால் இடறினால்கூட 'பெரியப்பா' என்றுதான் கத்துவாள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை. அடித்துவிடுங்கள் அம்மா, அது வேண்டாம்.

நான் யோசித்தது வேறு. டாக்டர் ஒரு மாதம் என்றார். இந்தப் பழம் அவரை அந்த ஒரு மாதத்துக்குச் சரியாக நிறுத்திவைக்கப் போகிறது. தை ஐந்து, ஆறு, பத்து. மஞ்சள் நீராட்டுக்கு முந்தின நாள். வாழைமரம் கட்டும்போது. இதெல்லாம் அந்தத் தோட்டத்தில் நிற்கும்போதே எனக்குக் கண்ணில் தெரிந்தது. ஒச்சாயி சொன்னதை நம்பி ஆசையைத் தீர்க்கப் போய், நானே அவருக்குப் புது ஆசையைக் கொடுத்துவிட்டேன்.

தோட்டத்தில் இரண்டு பெட்டி வாங்கினோம், மாப்பிள்ளை வீட்டுக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று. டவுனுக்கு வந்து ஒரு மரத்தடியில் வேனை நிறுத்தினோம். பெண்கள் இரண்டு பேரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். "அப்பா, பெரியப்பாவப் பாத்துக்கங்க, தலகாணிய எடுத்துராதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஜமீல் தொழுகைக்குப் போனார். மணி மூன்றரை.

அவர் விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். "டேய். இன்னும்" என்றார். கேட்டவர் அவர். நான் தலையணையை எடுத்தேன். மட்டமாகப் படுத்தால் முதுகுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்தேன். ஒரு பழத்தை வாயில் வைத்தேன். மசிக்கவில்லை. கரண்டியை முத்துமீனா பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாள். வாங்கிக்கொண்டார். சரக்குப் பெட்டியில் இருந்த பழம்தான், அதைக்கூட அவர் பார்க்கவில்லை, தம்பி கொடுக்கிறான் என்று வாங்கிக்கொண்டார். இரண்டாவது. மூன்றாவது. அதற்கப்புறம் இரும ஆரம்பித்தார். வேன் தரையில் இரண்டு தடவை தட்டினார். தண்ணீர். தண்ணீர் அப்படியே கொடுக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது, நான் மீறவில்லை. அவர் வாயிலிருந்து சிவப்பாக வழிந்தது. துண்டால் துடைத்தேன். குளிராகவும் இருந்தது, அதனால் துண்டை வாயோடு மூக்கோடு சேர்த்துச் சுற்றி அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் கண் என்னையே பார்த்தது. கோபமாகப் பார்க்கவில்லை, சார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குத் தேவலை. தட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு, இரண்டு, மூன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. எங்கள் கணக்கில் இல்லாத தட்டு. நின்ற பிறகு துண்டை எடுத்தேன். தலையணையைத் திரும்ப வைத்தேன். கழுத்து வரைக்கும் கம்பளியைப் போர்த்திவிட்டேன்.

அங்கேயே சொல்லியிருந்தால் ஆஸ்பத்திரி, போலீஸ், அறுப்பு என்று நாள் போகும். அதனால் தூங்குகிறார் என்றேன். முத்துமீனா பின்னால் ஏற வந்தாள். "நீ முன்னால உக்காரு கண்ணு, எறக்கத்துல கொமட்டும். நான் பாத்துக்கறேன்" என்றேன். அவளுக்கு அன்று அவ்வளவு சந்தோஷம். ஜமீலுக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்த முதல் லைசென்ஸ் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு வந்தாள்.

வளைவுகள் ஆரம்பித்தன. வேன் திரும்பும்போதெல்லாம் கம்பளிக்குள் இருந்த அவர் கை நழுவி வந்து தகரத் தரையில் மோதிரம் பட்டது. டக். அடுத்த வளைவில் டக், டக். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிர்ந்துவிட்டது, ஆனாலும் கனம் என் பிடியில் நிற்கவில்லை. முன்னாலிருந்து முத்துமீனா குரல் கொடுத்தாள்.

"அப்பா, ரெண்டு தட்டுறாரு. தண்ணி கேக்குறாரு போல."

"குடுத்துட்டேன் கண்ணு."

"பொடி கலந்தீங்களா?"

"கலந்தேன்."

கீழே இறங்குகிற வரைக்கும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. மோதிரத்தைக் கழற்றப் பார்த்தேன், விரலை விட்டு வரவில்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டு வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தேன். சமதரைக்கு வந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. அந்தக் குளிரில்.

வீட்டு வாசலில் இறக்கும்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. ஒச்சாயி மாரில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு என் தலையில் கை வைத்தாள். "ஆச தீந்து போயிருக்காருப்பா, புண்ணியவான். இப்புடி ஒரு தம்பி யாருக்கு வாய்க்கும்" என்றாள். தெருவே சொன்னது. நானும் அப்படித்தான் என்று தலையாட்டினேன். மறுநாள் எடுத்தோம். நான்தான் கொள்ளி வைத்தேன்.

அதற்கு முன்னால் வாய்க்கரிசி போட்டார்கள். முத்துமீனா குனிந்தவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த அரிசியைப் போடாமல் அவர் வாய்க்குள் விரலை விட்டு எதையோ எடுத்தாள். கைக்குட்டையில் வைத்து மடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன், பச்சையாக என்னவோ என்று. அதற்குப் பிறகுதான் அரிசியைப் போட்டாள்.

கருமாதி மார்கழி இருபத்தெட்டில் முடிந்தது. சரியாகப் பதினாறு. தை பிறக்க இரண்டு நாள் பாக்கி இருந்தது. சாவு வீடு என்பதால் நாங்கள் பொங்கல் வைக்கவில்லை. தெருவெல்லாம் ஜல்லிக்கட்டுக் கூட்டம். நான் மட்டும் வீட்டுக்குள் இருந்தேன். முன்னறைக் கட்டிலை மடக்கிச் சாத்திவைத்திருந்தேன். கூட்டம் ஒரு நிமிஷம் ஓய்ந்தபோது அதிலிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தேன். அப்புறம் பட்டறையில் கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு மெஷினை எல்லாம் நிறுத்துவோம், அந்த நேரத்தில். கூட வேலை பார்க்கிற அசோக்குமார், "என்னண்ணே, மேலயும் கீழயும் தேடுறீங்க?" என்றான். எலி என்றேன். இரண்டா மூன்றா என்று எண்ணிப் பார்ப்பேன். என்ன வேண்டும் என்று தெரிந்தால் கொடுத்துவிடலாம் இல்லையா. எண்ணிக்கை நிற்கவே மாட்டேன் என்கிறது. இப்போதுகூட அந்த அம்மா பேனாவை மேஜையில் வைத்தபோது நான் திரும்பிப் பார்த்தேன், கவனித்திருப்பீர்கள்.

இன்று காலை முத்துமீனா எனக்கு இட்லி வைத்தாள். தட்டு ஓரத்தில் அந்தக் கைக்குட்டையை விரித்தாள். காய்ந்துபோன ஒரு காம்பு, நாலைந்து இலையோடு.

"நான் காம்பக் கிள்ளிட்டுத்தானப்பா மசிச்சுக் குடுத்தேன்" என்றாள்.

"அதக் கிள்ளணும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. நிஜமாகவே தெரியாது, சார். நான் அதுவரை அந்தப் பழத்தைத் தின்றதில்லை. அவள் அழவில்லை. கைக்குட்டையை மடித்து எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினாள். நானும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தேன். ஒரே ஷேர் ஆட்டோவில்தான் வந்தோம். இறங்கும்போது அவள் துப்பட்டா கம்பியில் மாட்டிக்கொண்டது, நான்தான் எடுத்துவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்றைக்குத் தை பதின்மூன்று. நாளை மறுநாள் முகூர்த்தம். தீட்டு இல்லை, தடங்கல் இல்லை, எல்லாம் நாள் கணக்குப்படி சுத்தமாக முடிந்திருக்கிறது. தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறாளாம். நீங்கள் பெரியவர்கள், கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள். அவர் எப்படியும் போகிறவர். இவள் வாழ வேண்டியவள். பெண்ணைப் பெற்ற யாரும் என் இடத்தில் இருந்தால் வேறு என்ன செய்திருப்பார்கள்?

அந்தக் காகிதத்தில் என்ன சார்? என் போனுக்கு வந்த அழைப்புகளா. சரி. அன்றைக்கு மூன்று நாற்பதுக்கு ஒன்று, நாலு நிமிஷம். அது மாப்பிள்ளைதான், சூர்யபிரகாஷ். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டான். அப்புறம் சொன்னான்: "மாமா, நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்கிறாதீங்க. பெரியப்பாவுக்கு என்ன ஆனாலும் சரி, தை பதினஞ்சு தாண்டினாலும் சரி, நான் முத்துமீனாவத்தான் கட்டுவேன். அம்மாகிட்டயும் பேசிட்டேன், அவுங்களும் சரின்னுட்டாங்க. நீங்க பெரியப்பாவ நல்லாப் பாத்துக்கங்க." ரொம்ப சந்தோஷம் மாப்ள என்றேன். போனைச் சட்டைப் பையில் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அவனே பிறகு இவளிடம் சொல்லியிருக்கிறான் போலிருக்கிறது.

முன்னாலா, பின்னாலா என்று கேட்கிறீர்கள். முன்னால்தான். பேசி முடித்த பிறகுதான் பெட்டியைத் திறந்தேன்.

அப்புறமும் ஏன் செய்தாய் என்றால் நான் என்ன சொல்ல, சார்? அதைத்தானே இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் மகள் கல்யாணத்துக்காக.